போனுக்காகப் படங்களைச் சுருக்குகிறீர்களா?

கல்யாண ஆல்பத்தை வாங்கிக்கொண்டதும் பலர் எங்கள் ஸ்டூடியோவில் கேட்பது, "எல்லாப் படத்தையும் போன்ல வச்சுக்கிற மாதிரி சின்னதாக்கித் தர முடியுமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 6000×4000 பிக்சல். ஒரு படமே பத்து எம்பி வரை வரும். இரண்டாயிரம் படம் என்றால் 20 ஜிபி ஆகிவிடும். போன் திரையில் இருப்பதோ பெரும்பாலும் 1080×2400, அதாவது சுமார் 26 லட்சம் பிக்சல். படத்தில் இருக்கும் 2 கோடியே 40 லட்சத்தில் பத்தில் ஒரு பங்கு. நீளப் பக்கம் 2400 பிக்சல், ஜேபெக் கோப்பின் தரம் 100-க்கு 85 என்று வைத்துச் சுருக்கினால் படம் ஒரு எம்பிக்குப் பக்கத்தில் வந்துவிடும். போனில் பார்க்கும்போது வித்தியாசமே தெரியாது. விரலால் பெரிதாக்கிப் பார்த்துப் புடவை பார்டரை ஆராய்பவர்கள் 3000 வைத்துக்கொள்ளலாம்.

எண்ணைவிடப் பலரைக் குழப்புவது வடிவம், அதாவது படத்தின் நீள அகல விகிதம். கேமரா படம் 3:2. போனில் எடுத்தது பெரும்பாலும் 4:3. போன் திரை 20:9, நெட்டையானது. "திரை முழுக்க வரணும்" என்று சொல்லி, படுக்கை வாட்டில் எடுத்த குரூப் போட்டோவை நிற்கும் திரைக்கு நிரப்பினால் படத்தின் அகலத்தில் 30 சதவீதம்தான் மிஞ்சும். பெண்ணும் மாப்பிள்ளையும் தப்பிப்பார்கள், ஓரத்தில் நின்ற பெரியப்பா காணாமல் போவார். வெட்டாமல் நிரப்புகிறேன் என்று சில செயலிகள் படத்தை இழுத்து நீட்டும். அது இன்னும் மோசம், எல்லாருக்கும் முகம் நீண்டுவிடும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்தால் விழட்டும், விடுங்கள். போனைப் படுக்க வைத்தால் படம் பெரிதாகத் தெரியும்.

மேஜையில் வைக்கும் டிஜிட்டல் போட்டோ பிரேமுக்கு இதே கணக்கு இன்னும் சிறியது. 1024×600 திரை உள்ள பிரேமில் 3:2 படம் 900×600 அளவில்தான் தெரியும். மலிவான பிரேம்களில் 24 மெகாபிக்சல் படத்தை அப்படியே போட்டால் ஒவ்வொரு படமும் திறக்கத் திணறும். கோப்பு பத்து எம்பிதான் என்றாலும், விரித்துக் காட்ட 70 எம்பிக்கு மேல் நினைவகம் வேண்டும். ஐபோனிலிருந்து வரும் எச்இஐசி கோப்புகளைப் பல பிரேம்கள் திறப்பதே இல்லை, ஜேபெக்காக மாற்றியே ஆக வேண்டும்.

சுருக்குவதற்குக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் இர்ஃபான்வியூ என்ற மென்பொருள் போதும். ஒரு ஃபோல்டர் முழுவதையும் ஒரே மூச்சில் சுருக்கும். விகிதத்தைக் காக்கும் பெட்டியில் டிக் இருக்கிறதா, சேமிக்கும் இடம் வேறு ஃபோல்டரா என்று இரண்டையும் பார்த்துவிட்டு ஓட விடுங்கள். பட்டு ஜரிகை, கட்டம் போட்ட சட்டை போன்ற நெருக்கமான வடிவங்கள் மோசமாகச் சுருக்கினால் அலை அலையாகத் தெரியும். ரீசாம்பிள் முறையில், அதாவது அளவை மாற்றும் முறைகளில், லாங்க்சோஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது பெருமளவு அடங்கும்.

அந்த "வேறு ஃபோல்டர்" விஷயத்துக்காகத்தான் இதையே எழுத உட்கார்ந்தேன். போனிலேயே ஒரு செயலியைப் போட்டு, இடம் போதவில்லை என்று மூலப்படத்தின் மேலேயே சேவ் செய்துவிடுகிறார்கள். மூலப்படங்கள் இருந்த பென்டிரைவைக் குழந்தைகளின் பாட்டுக்காக ஃபார்மேட் செய்தவர்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்பியிருக்கிறோமே என்ற தைரியம் வேறு. சாதாரணமாக அனுப்பினால் அங்கே படத்தின் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்கு இறங்கிவிடும். எடுத்த தேதி போன்ற உள்விவரங்களும் போய்விடும். 2023 ஆகஸ்டில் எச்டி வசதி வந்தது, அதிலும் சுருக்கம் உண்டு. டாக்குமெண்டாக அனுப்பினால்தான் கோப்பு அப்படியே போகும்.

இது உறைப்பது சில வருடம் கழித்து. வீட்டில் ஒரு பெரியவர் இறந்துவிடுவார். கல்யாணத்தில் சிரித்தபடி நின்ற அந்தப் படத்தை 12×18 இன்ச்சில் பெரிதாக்கி மாட்ட வேண்டும், நாளைக்கே வேண்டும் என்று வருவார்கள். நல்ல பிரிண்டுக்கு இன்ச்சுக்கு 300 பிக்சல் என்பது எங்கள் கணக்கு, அதாவது 5400×3600. 24 மெகாபிக்சல் மூலப்படம் இதற்குத் தாராளம். வாட்ஸ்அப் பிரதியில் இன்ச்சுக்கு 89 பிக்சல்தான் கிடைக்கும். அதுவும் குரூப் போட்டோவில் ஒரு முகத்தை மட்டும் எடுக்க வேண்டும் என்றால், அந்த முகத்துக்குச் சில நூறு பிக்சல் இருந்தாலே அதிர்ஷ்டம்.

ஏஐ செயலியில் தெளிவாக்கலாமே என்பார்கள். செய்து தருகிறோம்தான். ஆனால் இல்லாத விவரத்தை அது ஊகித்துத்தான் நிரப்புகிறது. கண் கொஞ்சம் மாறும், கன்னத்துச் சுருக்கம் மறையும். எங்கள் கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கூட வந்த மகள் "இது அப்பா மாதிரி இல்லையே" என்பார். அவர் சொல்வதுதான் சரி.

மூலப்படம் போய்விட்டது என்றால், பார்வேர்டு ஆன பிரதியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதற்கு முன் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். 4×6 அளவில் ஒரு நல்ல பிரிண்ட் இருந்தால், 600 டிபிஐயில் (இன்ச்சுக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து 3600×2400 பிக்சல் எடுக்கலாம். 12×18-க்கு இன்ச்சுக்கு 200 வரும். பிரிண்டைப் போனில் படம் பிடித்து அனுப்பாமல் கையோடு கொண்டு வாருங்கள். ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், ஆல்பத்தோடு கொண்டு வந்தால் போதும்.