39 ரூபாய் லாபத்துக்கு 4,500 ரூபாய் விலை

மதுரை கீழமாசி வீதியில் பெரியப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் துவரம்பருப்பு மூட்டைக்குள் கையை விட்டு அள்ளிப் பார்ப்பார். "இது வந்து எத்தன நாளாச்சுடா?" என்று கடைப் பையனிடம் கேட்பார். பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் பங்கை எடைபோடவும் அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும்.

5 லட்சம் முதல் போட்டுச் சரக்கு வாங்குகிறோம். செலவு போக 5 சதவீதம் நிற்கிறது. சரக்கு ஒருமுறை விற்றுத் தீர்ந்தால் கையில் 25,000 ரூபாய். வருஷத்துக்கு நாலு முறை முதல் புரண்டால் லாபம் 1 லட்சம். பன்னிரண்டு முறை புரண்டால் 3 லட்சம். அதே முதல், அதே பருப்பு. மூட்டை எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்பதுதான் வித்தியாசம். வாடகையும் கூலியும் பெரிதாக ஏறாததால் நடைமுறையில் இன்னும் அதிகமாகவே நிற்கும்.

டி-மார்ட் கடைகளை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் 2023-24இல் சுமார் 50,800 கோடி ரூபாய்க்கு விற்று, சுமார் 2,536 கோடி லாபம் பார்த்தது. 100 ரூபாய்க்கு 5 ரூபாய். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் வால்மார்ட்டுக்கு 100 டாலரில் மிஞ்சியது 2.40 டாலர்தான். டி-மார்ட் பெரும்பாலும் கடைக் கட்டடங்களைச் சொந்தமாக வாங்கிவிடுகிறது. சரக்குக்கும் சீக்கிரம் பணம் கொடுத்து விலையைக் குறைத்து வாங்குகிறது. நல்ல வியாபாரம், சந்தேகமில்லை.

ஆனால் நல்ல கடை வேறு, நல்ல விலை வேறு. மொத்தம் சுமார் 65 கோடிப் பங்குகள். பங்குக்கு 39 ரூபாய் லாபம். 2024 மார்ச் இறுதியில் ஒரு பங்கு சுமார் 4,500 ரூபாய்க்கு விற்றது, அதாவது லாபத்தைப்போல் 115 மடங்கு. வருஷம் 1 லட்சம் சம்பாதிக்கும் கடையை 1 கோடியே 15 லட்சத்துக்குக் கைமாற்றக் கேட்டால் பெரியப்பா என்ன சொல்லியிருப்பார்? லாபம் எவ்வளவு வேகமாக ஏறும் என்று கேட்டிருப்பார்.

அதையே கணக்காகப் போடலாம். லாபம் ஆண்டுக்கு 20 சதவீதம் வளர்ந்தால் பத்து ஆண்டில் 39 ரூபாய் 241 ரூபாய் ஆகும். அப்போது சந்தை 40 மடங்கு கொடுத்தால் பங்கு சுமார் 9,650 ரூபாய். 2024 மார்ச்சில் 4,500 போட்டவருக்கு ஆண்டுக்கு 8 சதவீதம்கூட வராது. கிட்டத்தட்ட அன்றைய வங்கி வைப்புநிதி வட்டி. 40 மடங்கு என்பது என் கணிப்பு. 60 மடங்கு கிடைத்தால் 12 சதவீதத்தைத் தாண்டும். வளர்ச்சி 15 சதவீதமாகக் குறைந்து, 40 மடங்கே கிடைத்தால் மூன்றரை சதவீதம்கூடத் தேறாது. விலைக்குள் எவ்வளவு நம்பிக்கையை அடைத்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! என் கணக்குப்படி அந்த விலை அதிகம்.

அடுத்த ஆண்டு, 2024-25இல், விற்பனை 17 சதவீதம் ஏறியது. லாபம் 7 சதவீதத்துக்கும் குறைவாகவே ஏறியது. புதுக்கடை திறந்தால் விற்பனை தானாகக் கூடும். அதனால்தான் நிதிநிலை அறிக்கை வந்ததும் திறந்து இரண்டு ஆண்டு தாண்டிய கடைகளின் விற்பனை வளர்ச்சியை முதலில் தேடுகிறேன். விலைவாசி ஏறிய அளவுகூட அது ஏறவில்லை என்றால், பழைய கடைகளில் மூட்டை காலியாகும் வேகம் குறைகிறது என்று அர்த்தம்.