சிறிய கைக்குப் பொருந்தும் முதல் கிட்டார்

கும்பகோணத்தில் பகலில் கிட்டார்களைப் பழுதுபார்த்துக் கொடுத்தும் மாலையில் கற்பித்தும் வருகிறேன். வகுப்பில் சேர வருபவர்களில் பலர் முதல் நாளே தங்கள் இடது கையை விரித்துக் காட்டி, "சார், எனக்கு விரல் குட்டை, வாசிக்க வருமா?" என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளும், ஐந்தடியை எட்டாத பெண்களும்தான். நான் உடனே பதில் சொல்வதில்லை; அவர்கள் கொண்டுவந்த கிட்டாரை உறையிலிருந்து எடுத்து, முதலில் அதை அளக்கிறேன்.

சென்ற கார்த்திகையில் பாபநாசம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். உயரம் 148 செ.மீ. இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த தம்பி ஆசையாக வாங்கிக் கொடுத்த ட்ரெட்நாட் வகை கிட்டாரில் மூன்று மாதம் பயின்றிருந்தார். வலது தோள் இரவில் தூங்கவிடாமல் வலிக்கிறது என்றார். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று அதுவரை எல்லோரும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். தொடக்க ஆண்டுகளில் நானும் அதையேதான் சொன்னேன். அதைக் கேட்டு வலியோடு முயன்று, பிறகு கிட்டாரையே விட்டுவிட்ட இரண்டு பிள்ளைகளை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ட்ரெட்நாட் என்னும் வடிவம் 1916இல் மார்ட்டின் நிறுவனம் டிட்சன் என்ற இசைக்கருவி விற்பனையாளருக்காகச் செய்து கொடுத்தது. பிரிட்டனின் பெரும் போர்க்கப்பல் ஒன்றின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். கூடுதல் ஒலியும் கனத்த கீழ்ச்சுருதியும் வேண்டும் என்பதற்காகவே அதன் பெட்டி பெரிதாக்கப்பட்டது. அதன் அடிப்பகுதி ஏறத்தாழ 40 செ.மீ. அகலமும் 12 செ.மீ. ஆழமும் கொண்டது. சிறிய உடல்வாகு உள்ளவர் அதை மடியில் வைத்துக்கொண்டால் வலது கை பெட்டியின் மேல் விளிம்பைத் தாண்டி இறங்க முடியாமல், தோள் காதை நோக்கி உயர்ந்தபடியே நிற்கும். அந்த ஆசிரியையின் வலிக்குக் காரணம் அதுதான். விரலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பெட்டியின் அகலம் 36 செ.மீ. அளவிலும் ஆழம் 10 செ.மீ. அளவிலும் உள்ள சிறு வடிவக் கிட்டாரை அவர் மடியில் வைத்தபோது, நான் எதுவும் சொல்வதற்கு முன்பே தோள் தானாக இறங்கியது.

ஆகவே கடையில் முதல் தந்தியை மீட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது தோளைத்தான். கிட்டாரை மடியில் வைத்து வலது முழங்கையை விளிம்பில் சாய்த்தால், இரண்டு தோள்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். உடன் வந்தவர் எதிரில் நின்று பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது ஸ்கேல் நீளம், அதாவது நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டை) சேடில் (பெட்டியின் மேல் தந்திகளைத் தாங்கும் பட்டை) வரை தந்தி அதிரும் நீளம். இதில்தான் நம் ஊர்க் கடைகளில் பெரிய குழப்பம் நேர்கிறது. 38 அங்குலம், 40 அங்குலம், 41 அங்குலம் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பது கிட்டாரின் மொத்த நீளம். அதை வைத்து ஸ்கேல் நீளத்தைக் கணிக்க முடியாது. 38 அங்குலக் கிட்டார் சிறியது என்று நம்பி வாங்கியவர்கள், விரல் எட்ட வேண்டிய தூரம் பெரிய கிட்டாரில் உள்ளதைவிட அதிகம் குறையவில்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகே உணர்கிறார்கள். தையல் அளவு நாடா ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று, நட்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். அதுதான் ஸ்கேல் நீளம்.

முழு அளவு கிளாசிக்கல் கிட்டாருக்கு அது 650 மி.மீ.; முக்கால் அளவுக்கு ஏறத்தாழ 580 மி.மீ. யமஹா சிஎஸ்40 போன்றவை இந்த முக்கால் அளவைச் சேர்ந்தவை. வித்தியாசம் ஏழு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நான்கு ஃப்ரெட்டுகளின் மொத்த அகலம் 650இல் 134 மி.மீ., 580இல் 120 மி.மீ. தொடக்க மாணவரின் நான்கு விரல்களும் பரவ வேண்டிய இடம் அதுதான். சிறிய கைக்கு அந்த 14 மி.மீ. மணிக்கட்டை முறுக்க வேண்டுமா வேண்டாமா என்பதையே தீர்மானிக்கிறது.

இதைப் பணம் செலவழிக்கும் முன்பே சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. முழு அளவு கிட்டாரில் 2ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால், கேப்போவிலிருந்து சேடில் வரை மிஞ்சும் நீளம் 579 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட முக்கால் கிட்டாரின் நீளம். அந்த நிலையில் சி, ஜி கார்டுகளை (பல தந்திகளை ஒருசேர அழுத்தும் பிடிகளை) மாணவர் பிடிக்கட்டும். கேப்போ இல்லாமல் திணறிய கை அங்கே இயல்பாக அமர்ந்தால், அவருக்கு நீளம் குறைந்த கிட்டார்தான் வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: கேப்போவை 1ஆம் ஃப்ரெட்டில் போட்ட உடனேயே அழுத்துவது வெகுவாக இலகுவாகிவிட்டால், பிழை பெரும்பாலும் நட்டின் உயரத்தில் இருக்கிறது, அதை அரத்தால் தாழ்த்தினாலே போதும், வேறு கிட்டார் தேடத் தேவையில்லை.

வீட்டில் ஏற்கெனவே பெரிய கிட்டார் இருந்து, புதிது வாங்க இப்போது வசதியில்லை என்பவர்களுக்கும் இதே வழி உதவும். எல்லாத் தந்திகளையும் ஒரு முழுச் சுரம் தாழ்த்திச் சுருதி சேர்த்து, 2ஆம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டுக்கொண்டால் சுருதி வழக்கமான இடத்துக்கே வந்துவிடும். தந்தியின் இழுவிசையோ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். பெட்டி பெரிதாக இருக்கும் தொல்லை இதனால் தீராது என்றாலும், இடது கைக்கு ஓராண்டுக்காவது நிம்மதி கிடைக்கும்.

வாத்தியத்தின் அளவு மாறுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையப்படும் நாதஸ்வரத்திலேயே குட்டையான திமிரி, நீண்ட பாரி என்ற வகைகள் உண்டு. வயலின் கற்கும் பிள்ளைக்கு அரை அளவோ முக்கால் அளவோ வாங்கித் தர எந்தப் பெற்றோரும் தயங்குவதில்லை. கிட்டாருக்கு மட்டும், பள்ளிச் சீருடையை வளர்த்திக்குத் தைப்பது போல, பெரிதாக வாங்கி வைத்துவிடுகிறோம். சீருடை தொளதொளவென்று இருந்தாலும் பிள்ளைக்கு வலிக்காது, கிட்டார் அப்படியல்ல.

நைலான் தந்தியா, எஃகுத் தந்தியா என்ற கேள்விக்கு, நைலான்தான் எளிது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். விரல் நுனிக்கு அது மென்மையானது என்பது உண்மை. ஆனால் முழு அளவு நைலான் கிட்டாரின் கழுத்து நட்டருகே 52 மி.மீ. அகலம் கொண்டது, எஃகுத் தந்திக் கிட்டார்களில் பெரும்பாலும் 43 மி.மீ.தான். கட்டைவிரலும் உள்ளங்கையும் சிறியவராக இருந்தால் அகலமான கழுத்து அவரை மிகவும் சோர்வடையச் செய்யும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முக்கால் அல்லது அரை அளவு நைலான் கிட்டாரையும், உயரம் குறைந்த பெரியவருக்குச் சிறு பெட்டியும் குறைந்த நீளமும் கொண்ட எஃகுத் தந்திக் கிட்டாரையும் பரிந்துரைப்பதே என் வழக்கம், அதில் 0.012 அங்குலத்துக்குப் பதிலாக 0.011 அல்லது 0.010 அங்குலத் தடிமன் தந்திகளைப் போட்டுத் தருவேன். நைலானுக்காகச் செய்த கிட்டாரில் எஃகுத் தந்தியை ஒருபோதும் கட்டாதீர்கள். அந்த இழுவிசையைத் தாங்காமல், பெட்டியின் மேல் தந்திகளைக் கட்டும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்த கிட்டார்களை ஆண்டுதோறும் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

எலெக்ட்ரிக் கிட்டாரையும் ஒதுக்க வேண்டியதில்லை. மெல்லிய உடலும் 0.009 தந்தியும் சிறிய கைக்கு மிகவும் இதமானவை. எடை மட்டும் மூன்று கிலோவைத் தாண்டும் என்பதால் பிள்ளைகளுக்கு யோசித்தே தர வேண்டும்.

எந்தக் கிட்டாரானாலும், ஆக்‌ஷன் எனப்படும் தந்தி உயரம் சரியாக இல்லையென்றால் மேலே சொன்ன எல்லாம் வீணாகும். 12ஆம் ஃப்ரெட்டின் மேல்விளிம்புக்கும் தடித்த ஆறாம் தந்தியின் அடிப்பகுதிக்கும் இடையே எஃகு வகையில் 2 முதல் 2.5 மி.மீ., நைலான் வகையில் 4 மி.மீ. அளவில் இருப்பது நல்லது. விலை குறைந்த புதுக் கிட்டார்கள் பெரும்பாலும் இதைவிட உயர்ந்தே வந்து சேர்கின்றன. சேடிலைத் தேய்த்து, நட்டைச் சீராக்கி, கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் என்ற உட்கம்பி இருந்தால் அதையும் திருத்திக் கொடுப்பதற்கு ஆகும் கூலியையும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டெல்டாவில் இந்த உயரம் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிற்பதுமில்லை. ஐப்பசி அடைமழை தொடங்கியதும் மரம் ஈரத்தை உறிஞ்சி, பெட்டியின் மேற்பலகை உப்பி, தந்திகள் எழும்பிவிடுகின்றன. வைகாசியில் எளிதாக வாசித்த பிள்ளை கார்த்திகையில் "அழுத்த முடியலை" என்றால், சோம்பல் என்று கடிந்துகொள்ளாமல் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் ஈரம் ஊறும் வெளிச்சுவரில் சாய்க்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட உறைக்குள் வையுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியிலோ மூடிய காருக்குள்ளோ வைத்தால் பசை இளகிவிடும்.

உட்காரும் முறையும் பொருத்தத்தின் ஒரு பகுதியே. வீடுதோறும் இருக்கும் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி கிட்டாருக்கு உதவாது. பெட்டி கைப்பிடியில் இடித்து, உடல் ஒருபக்கமாகத் திரும்பிவிடும். கைப்பிடியில்லாத நாற்காலியில் அமர்ந்து, இடது காலடியில் மணைப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்கு அடுக்கிக்கொண்டால், கிட்டாரின் கழுத்துப் பகுதி உயர்ந்து இடது மணிக்கட்டு நேராகும்.

விரல் நுனி வலி முதல் சில வாரங்களுக்கு இருப்பது இயல்பு; தோல் இறுகியதும் போய்விடும். மணிக்கட்டிலும் கட்டைவிரல் அடியிலும் தோளிலும் வரும் வலி அப்படிப்பட்டதல்ல. விரல்கள் மரத்துப்போவதும் இயல்பன்று. இவை தெரிந்தால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கடையில் 41 அங்குலம் மட்டுமே இருக்கிறது என்றால் அன்று வாங்காமல் திரும்பிவிடுங்கள். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ தேடிப்பார்க்க ஒரு நாள் செலவானாலும் பரவாயில்லை. பிள்ளை வளர்ந்ததும் முக்கால் கிட்டார் வீணாகுமே என்ற கவலையும் வேண்டாம். என் வகுப்பில் உள்ள ஒரு முக்கால் கிட்டார் இப்போது நான்காவது பிள்ளையின் கையில் இருக்கிறது. ஒவ்வொரு முறை கைமாறும்போதும் புதுத் தந்தி கட்டி, ஆக்‌ஷனை மறுபடி அளந்தே கொடுக்கிறேன்.