இலையே தெரியாத உமரி

மலேசியாவில் எங்கள் பாகான் டத்தோ பக்கம் மண்கரை உடைந்து கடல்தண்ணி தோட்டத்துக்குள் வந்தால் செம்பனை மட்டை நுனியிலிருந்து கருக ஆரம்பிக்கும். காலடியில் தண்ணி நிற்கும், ஆனால் மரம் தாகத்தில் சாகும். உப்புக் கூடின பக்கம்தான் தண்ணீர் ஓடும், வேரைவிட மண் உப்பாகிவிட்டால் வேரால் இழுக்க முடியாது.

இதே உப்பில் கொழுக்கிற செடி ஒன்று இருக்கிறது. சாலிக்கோர்னியா. நம் கரையில் தேடாதீர்கள், தமிழ்நாட்டில் வேதாரண்யம், பிச்சாவரம் பக்கம் போனால் பார்க்கலாம். அங்கே உமரி என்பார்கள், அந்தப் பெயரில் வேறு சில செடிகளும் உண்டு.

பார்த்தால் இலையே இருக்காது. பச்சைக் கணுக்களைக் கோத்துவிட்ட மாதிரி ஒரு தண்டு, அவ்வளவுதான். ஆனால் தண்டு என்று நாம் நினைக்கிற அந்தச் சதை உண்மையில் இலை! எதிரெதிரே வரும் இரண்டு இலைகள் அடியில் ஒட்டி, தண்டைச் சட்டை மாதிரி மூடிக்கொள்கின்றன. நுனி மட்டும் சின்னச் செதிலாக நிற்கும். முற்றிய கிளையை விரலால் உருவினால் சதை வழுக்கிக்கொண்டு வரும், நடுவில் நூல் மாதிரி நார் மிஞ்சும். சாற்றை நாக்கில் வைத்தால் கரிக்கும்.

கரிப்பதுதான் சூட்சுமம். நம் ஊர்க் கடலோரச் சேற்றில் வளரும் அப்பி-அப்பி மரம் உள்ளே வந்த உப்பை இலைச் சுரப்பி வழியாக வெளியே தள்ளிவிடும், தடவிப் பார்த்தால் நறநறக்கும். உமரிக்கு அந்தச் சுரப்பி கிடையாது. சோடியத்தை ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிற நீர்ப்பையில் பூட்டிவைக்கிறது, செல்லின் மற்ற பாகம் வாடாமல் இருக்க கிளைசீன் பீட்டைன் என்ற பொருளைத் தானே தயாரிக்கிறது. இப்போது உப்பு உள்ளேதான் அதிகம், தண்ணீர் தானாக வரும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதில் மூன்றிலொரு பங்கு இருந்தால் பல இனங்கள் நன்றாக வளரும், வெறும் நல்ல தண்ணீரில் சோர்ந்துபோகும்.

பூ? பூதக்கண்ணாடி வேண்டும். கணுவின் குழிக்குள் பெரும்பாலும் மும்மூன்றாகப் புதைந்திருக்கும், ஒன்றோ இரண்டோ மகரந்தத்தாள், காற்றுதான் தரகர்.

ஸ்வீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் 1753-இல் பெயர் வைத்த பேரினம் இது. ஒரே வருஷத்தில் முடிகிற செடிகள் என்றுதான் ரொம்ப நாள் வரையறை, 2017-இல் பல்லாண்டு வாழும் சார்கோகார்னியா என்ற பேரினத்தையும் இதற்குள் சேர்த்தார்கள், எனக்கு அது இன்னும் பழகவில்லை. ஐரோப்பாவில் இதை எரித்த சாம்பலில் சோடா (சோடியம் கார்பனேட்) எடுத்துக் கண்ணாடி காய்ச்சியிருக்கிறார்கள்.

முற்றியதும் பீட்ரூட் வகை நிறமி ஏறிச் செடி சிவந்து, சேர்த்த உப்போடு காய்ந்துவிடும். ஆனால் விதை முளைப்பதற்கு மட்டும் உப்புக் குறைய வேண்டும், மழை வந்து மண்ணைக் கழுவுகிறவரை சேற்றிலேயே கிடக்கும்.