பன் போனது சரி, மணம் எங்கே போச்சு?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டுக்காரருக்கு மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனையில் எண் 8-ஐத் தாண்டிவிட்டதாம். வாரத்தில் ஒருநாள் ராத்திரி பர்கர் என்பது அந்த வீட்டு வழக்கம். பன்னை மட்டும் எடுத்துவிட்டு மற்றதையெல்லாம் ஆளுக்கொரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தால் வேலையும் மிச்சம் என்று நினைத்திருக்கிறார். அரைக் கிலோ மாட்டுக் கொத்துக்கறி, வெங்காயம், தக்காளி, சீஸ், சாஸ் எல்லாம் இருந்தது. மகன் ஒரு வாய் வைத்துவிட்டு, “அம்மா, இது பர்கரா, எறச்சி அவிச்சதா?” என்றானாம். “பன்னை எடுத்தா ருசியும் போயிருமா சார்?” என்பது அவர் கேள்வி.

பன்னுக்கும் ருசியில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர் அனுப்பிய படத்தில் சாம்பல் நிறக் கறி தன் சாறிலேயே மிதக்கிறது. மகன் சொன்னதுதான் சரி. அவிந்துதான் இருக்கிறது.

பச்சை இறைச்சியில் பெரும்பகுதி தண்ணீர். சூடு ஏற ஏற, 50 டிகிரி செல்சியஸ் வாக்கிலிருந்து தசைப் புரதங்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டு, பிழிந்த துணி மாதிரி நீரை வெளியே தள்ளுகின்றன. சிவப்பைத் தரும் மயோகுளோபினும் உருக்குலைந்து சாம்பல் நிறமாகிறது. இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம். நமக்கு வேண்டிய விஷயம் அதற்கப்புறம்தான் வருகிறது.

ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 70 கலோரி போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். கிட்டத்தட்ட எட்டு மடங்கு! அரைக் கிலோ கறியிலிருந்து 100 கிராம் நீர் கசிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பிலிருந்து நொடிக்கு 1000 ஜூல் (ஒரு கலோரி என்பது சுமார் 4.2 ஜூல்) சட்டிக்குள் இறங்கினாலும், அதை ஆவியாக்கி அனுப்ப மட்டுமே நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அதுவரை நீங்கள் தீயை எவ்வளவு கூட்டினாலும் நனைந்திருக்கும் கறி 100 டிகிரியைத் தாண்டாது. பர்கர் மணமோ 140 டிகிரி வாக்கில்தான் மளமளவென்று பிறக்கும்.

அந்த மணத்தைப் பிறப்பிக்கும் வினைக்கு மையார் வினை என்று பெயர். லூயி கமீய் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-இல் வெளியிட்டது. சர்க்கரை மூலக்கூறு ஒன்றும், புரதத்தின் கட்டுமானக் கல்லான அமினோ அமிலம் ஒன்றும் கைகோத்து, உடைந்து, மறுபடி சேர்ந்து, நூற்றுக்கணக்கான புதுச் சேர்மங்களாகப் பெருகுகின்றன. செம்பழுப்பு நிறமும் வறுத்த வாசமும் அந்தக் கூட்டத்தின் வேலை.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. உள்ளித் தீயலுக்கு, அதாவது வறுத்த தேங்காய் அரைத்த வெங்காயப் புளிக்குழம்புக்கு, தேங்காய் வறுப்பதை நினைத்துப் பாருங்கள். துருவிய தேங்காய் முதலில் ஈரமாகச் சட்டியில் அப்பிக்கொண்டு கிடக்கும். கை வலிக்கக் கிண்டினாலும் நிறம் மாறாது, ஆவிதான் கிளம்பும். பிறகு உதிரி உதிரியாகும். அங்கிருந்துதான் விளையாட்டு: பொன்னிறம், செந்நிறம், கண் இமைக்கும் நேரத்தில் காப்பிக்கொட்டை நிறம். என் அம்மா நிறத்தைப் பார்த்து அடுப்பை அணைக்க மாட்டாள். “நிறம் கெடக்கட்டும் மக்கா, மணம் திரும்பிச்சா பாரு” என்பாள். ஈரம் போனபின் வெப்பம் ஏறுவதை அவள் மூக்கு அளந்தது.

தீயலில் இன்னொரு பாடமும் ஒளிந்திருக்கிறது. புளிக்கரைசலை எப்போது ஊற்றுகிறோம்? தேங்காய் வறுத்து அரைத்தபிறகுதான். வினை தொடங்குவது அமினோ அமிலத்தில் உள்ள நைட்ரஜனில். அதனிடம் பங்கு போடாத ஓர் எலக்ட்ரான் ஜோடி இருக்கிறது. சர்க்கரை வந்து உட்காரும் நாற்காலி என்று சொல்லலாம். புளிப்பான சூழலில் ஹைட்ரஜன் அயனிகள் எக்கச்சக்கம். அவை முந்திக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடும். சர்க்கரை நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். காரம் (மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான சோடா மாதிரிப் பொருள்) சேர்த்தால் அயனிகள் எழுந்துபோகும், நாற்காலி காலி!

ஆகவே, அக்கா, உங்கள் வீட்டு ஆப்பச்சோடா டப்பாவைத் திறங்கள். அரைக் கிலோ கறிக்குக் கால் டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம், சோப்பு ருசி வந்துவிடும். பிசறிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். நாற்காலிகள் காலியாகும். கூடவே புரத இழைகள் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்பதால் இடையில் நீர் தங்கும், சட்டியில் குளம் கட்டுவது குறையும். ஒரே சிட்டிகை, இரண்டு வேலை. எனக்கு இதில் அப்படியொரு சந்தோஷம்.

மீதியெல்லாம் சுலபம். இரும்புத் தோசைக்கல் நன்றாகக் காயட்டும். கறியைப் பாதி பாதியாகப் பிரித்து, அடை மாதிரி தட்டிப் போட்டுவிட்டு, மூன்று நான்கு நிமிடம் கரண்டியைத் தொடாதீர்கள். அடிப்பக்கம் சிவந்ததும் திருப்பி, அப்புறம் உடைத்துவிடுங்கள். உள்ளே 71 டிகிரி எட்ட வேண்டும். கொத்திய கறியில் கிருமி எல்லா இடத்திலும் கலந்திருக்கும் என்பதால் அரைவேக்காடு ஆகாது. உப்பு கடைசியில். கெட்சப்பும் தக்காளியும் புளிப்புக் கோஷ்டி, அவை அடுப்பை அணைத்த பின்பு. லெட்டூஸ் கிடைக்காவிட்டால் வடசேரிச் சந்தை முட்டைக்கோஸை மெல்லிசாக அரிந்து போடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

வறுத்த கறியை ராத்திரி வெளியே கொண்டுபோனால் பேய் பிடிக்கும், பாத்திரத்தில் ஒரு கரித்துண்டு போடு என்று சொல்லும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். நானும் கரித்துண்டோடு நடந்தவன்தான். பின்னால் வந்ததெல்லாம் தெருநாய்கள். வறுத்த இறைச்சியின் மணத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்கள் சில, காற்றில் நம்பமுடியாத அளவு சொற்பமாக இருந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடும். நாய்க்குச் சொல்லவா வேண்டும்? மூடி இறுக்கமாக இருந்தால் கரி தேவைப்படாது.

இனி, வாசகி கேட்காத ஒன்று. பன்னை நிறுத்த வைத்த அந்த மூன்று மாதப் பரிசோதனை எதை அளக்கிறது தெரியுமா? ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ், சிவப்பணுவுக்குள் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதச் சங்கிலியின் நுனியில் உள்ள அமினோ நைட்ரஜனில் போய் உட்கார்கிறது. அதே நாற்காலி! மையார் வினையின் முதல் படிதான் அது. தோசைக்கல்லில் நிமிடக்கணக்கில் நடப்பது, 37 டிகிரி உடம்பில் நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெதுவாக நடக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். எத்தனை சதவீத ஹீமோகுளோபினில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று எண்ணினால் கடந்த மூன்று மாதக் கணக்கு கையில் வந்துவிடும். நீரிழிவு உள்ளவர்களிடம் இது மாறியிருப்பதை 1960-களின் இறுதியில் தெஹ்ரானில் கவனித்தவர் சாமுவேல் ரஹ்பார் என்ற ஈரானிய விஞ்ஞானி. கறியைச் சிவக்க வறுத்தால் அந்த எண் ஏறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அதை ஏற்றுவது ரத்தத்தில் ஓடும் சர்க்கரை.

மையார் 1912-இல் பர்கரையும் தேடவில்லை, ரத்தப் பரிசோதனையையும் தேடவில்லை. புரதங்கள் எப்படிக் கோக்கப்படுகின்றன என்று பார்க்க அமினோ அமிலத்தைச் சர்க்கரையோடு சூடாக்கினார், அவ்வளவுதான். “இதனால் சமூகத்துக்கு என்ன பயன், நான்கு வரியில் எழுதுக” என்று படிவம் நீட்டும் இன்றைய நிதிக்குழுக்கள் சிலவற்றிடம் போயிருந்தால் வெறுங்கையோடு திரும்பியிருப்பார் என்பது என் எண்ணம்.

கடிதத்தின் கடைசி வரியில் ஒரு யோசனை இருந்தது: “பன்னுக்குப் பதிலா அடியில கொஞ்சம் மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கு வேக வச்சு மசிச்சுப் போடலாமா?” பிள்ளைகள் கிண்ணத்தில் தாராளமாகப் போடுங்கள், மாட்டுக்கறிக்கு அதைவிடப் பொருத்தமான கூட்டாளி நம் ஊரில் கிடையாது. ஆனால் மரச்சீனி முழுக்க மாவுச்சத்து, வயிற்றுக்குள் போனால் பன்னைப் போலவே குளுக்கோஸாகிவிடும். வீட்டுக்காரர் கிண்ணத்தில் முட்டைக்கோஸையே கூட்டி வையுங்கள். அவர் பிள்ளைகள் கிண்ணத்திலிருந்து எடுத்துத் தின்றால், மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபின் சொல்லிக்கொடுத்துவிடும்.