முதல் நொடியில் வரும் காற்று

"இழுங்க, நல்லா இழுங்க... இப்ப ஊதுங்க! விடாதீங்க, இன்னும், இன்னும்..." நுரையீரல் சோதனை அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இந்தக் குரல் கேட்கும். மூக்கில் கிளிப், வாயில் குழல். உள்ளே இருக்கும் காற்று தீரும்வரை ஊதவேண்டும். வயதானவர்களுக்குக் கண்ணில் நீரே வந்துவிடும். இத்தனை பாடும் முக்கியமாக இரண்டு எண்களுக்காக: மொத்தம் ஊதியது எவ்வளவு, அதில் முதல் நொடியில் வந்தது எவ்வளவு?

நலமான நுரையீரல் பெரும்பாலும் முக்கால் பங்கை முதல் நொடியிலேயே தள்ளிவிடும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் இந்த விகிதம் 0.70க்குக் கீழே நின்றால், சிஓபிடி எனும் நாள்பட்ட அடைப்பு நோய் இருக்கலாம் என்று மருத்துவர் பார்ப்பார்.

ஊதும் வேகத்துக்கும் நுரையீரலின் உள்ளமைப்புக்கும் என்ன தொடர்பு? நுனியில் உள்ள மெல்லிய மூச்சுக்குழாய்களுக்குக் குருத்தெலும்பு கிடையாது. சுற்றியுள்ள காற்றறைகளின் சுவர்கள்தான், கூடாரத்தை நாலாபக்கமும் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளைப் போல, அவற்றைத் திறந்து வைத்திருக்கின்றன. பீடி, சிகரெட் புகையோ, வருஷக்கணக்கில் சுவாசித்த விறகடுப்புப் புகையோ இந்தச் சுவர்களை அரித்துவிட்டால் கயிறு அறுந்த மாதிரிதான். பலமாக ஊதும்போது குழாய் அமுங்கி மூடிக்கொள்ளும், காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். திரையில் கிட்டத்தட்ட நேராக இறங்கவேண்டிய கோடு, தளர்ந்த கொடிக்கயிறு போலத் தொய்ந்து இறங்கும். இந்த நோயாளிகளில் சிலர் யாரும் சொல்லித்தராமலே உதட்டைக் குவித்து மூச்சு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி விட்டால் உள்ளே அழுத்தம் கொஞ்சம் தங்கி, குழாய் மூடாமல் இருக்கும்.

ஆனால் குழாய்ச் சுவர் தடித்துச் சளி அடைத்தாலும் இதே எண்தான் வரும். எது கெட்டிருக்கிறது என்று பிரித்தறிய இன்னொரு சோதனை கைகொடுக்கும். சுமார் 0.3 சதவீதம் கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை இழுத்து, பத்து நொடி அடக்கி, வெளியே விடவேண்டும். அந்த வாயு ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால், எவ்வளவு குறைந்து திரும்புகிறது என்பதே ரத்தத்தைத் தொடும் பரப்பு எவ்வளவு மிச்சம் என்பதற்கு அளவு. இந்தப் பரப்பு குறைந்திருந்தால் காற்றறைகள் அழிந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த முறைக்கு அடித்தளமிட்டவர் டென்மார்க்கின் மரீ க்ரோக், 1915இல்.

ஊதும் சோதனைக்குப் பிடிபடாத ஓர் இடமும் உண்டு. 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த குழாய்கள் ஆயிரக்கணக்கில் பக்கம்பக்கமாக இருப்பதால், அவற்றில் பல அழிந்தாலும் எண்கள் ஆரம்பத்தில் அசையாது. எனக்கு இதுதான் பெரிய கவலை. ரிப்போர்ட் நார்மல் என்று வந்தும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்களை, குறிப்பாகப் புகைபிடிக்காமலே அடுப்படியில் காலம் கழித்த பெண்களை, அதோடு அனுப்பிவிடக் கூடாது. அவர்களுக்கு நைட்ரஜன் கழுவல் சோதனை இருக்கிறது. அதில் தம் பிடித்து ஊதவேண்டியதில்லை. சுத்த ஆக்சிஜனைச் சாதாரணமாகச் சுவாசித்தபடியே, நுரையீரலில் தங்கியிருந்த நைட்ரஜன் ஆரம்ப அளவில் நாற்பதில் ஒரு பங்காகக் குறைய எவ்வளவு காற்றை மூச்சாக விடவேண்டியிருக்கிறது என்று அளப்பார்கள். மூலைமுடுக்கில் குழாய்கள் அடைபட்டிருந்தால், நைட்ரஜன் மூச்சுக்கு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வந்துகொண்டே இருக்கும்.