தியாக்கோனியா: ஊழியமா, தொண்டா, பணிவிடையா?

வன்னியில் ஒரு கிறிஸ்தவ வீட்டில் "தம்பி ஊழியத்துக்குப் போயிட்டான்" என்று சொன்னால், அவர் போதகராகிவிட்டார் என்றுதான் எல்லோரும் விளங்கிக்கொள்வார்கள். மேடையில் நிற்கிறார், வேதம் பிரசங்கிக்கிறார், வீடுவீடாகப் போய் ஜெபிக்கிறார். அதே வீட்டில் நடக்கமுடியாத மாமியாரைக் காலையும் மாலையும் குளிப்பாட்டி உடுப்பு மாற்றும் மருமகள் செய்வதை யாரும் ஊழியம் என்று சொல்வதில்லை. ஊழியம் என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கிரேக்கச் சொல்லோ அந்த மருமகளின் வேலைக்குத்தான் கிட்ட நிற்கிறது.

அந்தச் சொல் தியாக்கோனியா. செய்கிறவர் தியாக்கோனொஸ். திருச்சபைகளில் தியாக்கோன் என்று வழங்குவது இதிலிருந்து வந்ததுதான். கிரேக்கரின் அன்றாடப் பேச்சில் அதற்கு இருந்த முதற்பொருள்களில் ஒன்று, பந்தியில் நின்று பரிமாறுகிறவர். கானா ஊர்க் கலியாண வீட்டில் சாடிகளில் தண்ணீர் நிரப்பிய வேலைக்காரரை யோவான் நற்செய்தி இந்தச் சொல்லால்தான் குறிக்கிறது. 'புழுதி வழியே ஓடுகிறவன்' என்று இதற்கு ஒரு பழைய சொற்பிறப்பு விளக்கமும் உண்டு. கிரவல் வீதிகளில் நடந்து பழகிய எங்களுக்கு அது நன்றாகவே பிடிக்கும். ஆனால் சொல்லின் நடுவில் இருக்கும் நெட்டுயிர் அந்த விளக்கத்துக்கு ஒத்துவராது என்பதால் மொழியியலாளர் அதை ஏற்பதில்லை. சரி, புழுதியை விட்டுவிடுவோம். பந்தி போதும்.

பந்தி என்றவுடன் அப்போஸ்தலர் நடபடிகள் 6 ஆம் அதிகாரத்துக்குப் போகவேண்டும். எருசலேமின் முதல் சபையில் ஒரு முறைப்பாடு எழுகிறது. கிரேக்கம் பேசுகிற குடும்பங்களின் விதவைகள், நாள்தோறும் நடக்கும் பகிர்ந்தளிப்பில் கவனிக்கப்படாமல் விடப்படுகிறார்கள். உள்ளூர் மொழி பேசுகிறவர்களுக்குக் கிடைக்கிறது, வெளியிலிருந்து வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. நிவாரண வரிசையில் நின்ற ஊர் இதை வாசித்தால் விளக்கவுரை தேவைப்படாது. 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய மக்கள், காணி கேட்கும்போதும் அட்டை பதியும்போதும் தாங்கள் 'வெளியாள்' என்று உணர்ந்ததை இங்கே பலர் அறிவார்கள். போருக்குப் பிறகு கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்களையும் அறிவார்கள். தியாக்கோனியாவைப் பற்றிய பேச்சு வேதத்தில் சூடுபிடிப்பது இப்படியொரு வரிசையில்தான்.

அப்போஸ்தலர்கள் ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்கிறார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தவர் கையிலேயே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள் என்று நான் வாசிக்கிறேன்.

இனித்தான் தமிழ் மொழிபெயர்ப்பைப் பார்க்கவேண்டும். புரட்டஸ்தாந்து சபைகளில் இன்றும் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பு, 1871 இல் ஹென்றி பவர் என்ற மிஷனரியின் குழு முடித்தது. அதில் முதல் வசனத்தில் விதவைகளின் உணவைக் குறித்து வரும் தியாக்கோனியா, 'அன்றாட விசாரணை' ஆகிறது. இரண்டாம் வசனத்தில் அதே சொல்லின் வினைவடிவம் 'பந்திவிசாரணை' ஆகிறது. நாலாம் வசனத்தில் வேதவசனத்தைப் போதிப்பதைக் குறித்து அதே தியாக்கோனியா மறுபடியும் வருகிறது. அங்கே மட்டும் அது 'ஊழியம்'. சோறு கொடுப்பதற்கும் வசனம் கொடுப்பதற்கும் கிரேக்கத்தில் ஒரே சொல். தமிழில் அது இரண்டாகப் பிரிந்தது. பிரித்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, அந்தந்த இடத்துக்கு இயல்பான தமிழைத்தான் போட்டார்கள். ஆனால் அதன் பிறகு ஊழியம் மேடைக்கு ஏறிவிட்டது, விசாரணை குசினியிலேயே நின்றுவிட்டது.

விசாரணை என்ற சொல்லுக்கு இங்கே நேர்ந்ததையும் சொல்லவேண்டும். இன்று வன்னியில் "விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கினம்" என்றால் வயிறு கலங்கும். ஆனால் பழைய பொருள் முழுதாகச் சாகவில்லை. "அம்மாவை விசாரிச்சதாச் சொல்லுங்கோ" என்று கடிதத்திலும் தொலைபேசியிலும் சொல்கிறோமே, அந்த விசாரிப்புத்தான் பந்திவிசாரணையில் இருப்பது. யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, யார் கேட்கக் கூச்சப்பட்டுக் கடைசியில் இருக்கிறார் என்று பார்த்துப் பார்த்துக் கொடுப்பது. மிக நல்ல சொல். மீட்டெடுக்கமுடியுமென்றால் முதல் ஆளாக நான் கை தூக்குவேன்.

அப்புறம் ஊழியம். பழந்தமிழ் வழக்கில் தெய்வத்துக்கோ குருவுக்கோ தலைவனுக்கோ கடமைப்பட்டுச் செய்யும் வேலை அது. இலங்கையில் அதற்கு இன்னொரு வரலாறும் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் ஊழியம் என்பது கூலியில்லாத கட்டாய வேலையின் பெயர். சோனகரும் செட்டிகளும் அதற்கு உட்பட்டிருந்தார்கள். விலக்கு வேண்டுமென்றால் பணம் கட்டவேண்டும். வன்னியின் சிற்றரசர்களான வன்னியர்கள் யானைகளைத் திறையாகக் கொடுத்த அதே காலம். இன்று அரச ஊழியர், ஊழியர் சேமலாப நிதி என்று சம்பளத்தோடு சேர்ந்த சொல்லாகிவிட்டது. கட்டாயமாகவும் சம்பளமாகவும் இரண்டு முறை பொருள் மாறிய சொல்லை வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமல் தாழ்ந்து செய்யும் வேலையைச் சொல்வது கடினம். போதாததற்கு, அதே பழைய மொழிபெயர்ப்பில் அடிமை என்று பொருள்படும் தூலொஸ் என்ற வேறு கிரேக்கச் சொல்லுக்கும் பல இடங்களில் 'ஊழியக்காரன்' என்றே வருகிறது. ரோமர் நிருபத்தின் முதல் வரியில் பவுல் தன்னைச் சொல்வது அப்படித்தான்.

அடிமை என்ற சொல்லையே விரும்பி எடுத்துக்கொண்ட ஒருவர் இந்த மண்ணின் வரலாற்றில் இருக்கிறார். கோவாவில் பிறந்த யோசப் வாஸ், 1677 இல் தன்னை மரியாளின் அடிமையாக ஒப்புக்கொடுத்து எழுதி வைத்தார். 1687 இல் கத்தோலிக்கக் குருக்களுக்கு ஒல்லாந்தர் விதித்த தடையை மீறி, கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார். பின்னர் கண்டியில் 1697 இல் அம்மை நோய் பரவியபோது, வீட்டாரே விட்டுப்போன நோயாளிகளைத் தன் கையால் கழுவித் துடைத்துப் பராமரித்தார். 2015 ஜனவரி 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்து, அன்றைக்கே மடு மாதா ஆலயத்துக்கும் வந்து போனார். குருக்கள் இல்லாத அந்தக் காலத்தில் ஊர்ச் சபைகளைக் கட்டிக்காத்தவர்கள் மூப்பரும் அண்ணாவியாரும். செபம் சொல்லிக்கொடுப்பது அவர்கள் வேலை, செத்த வீட்டை முன்னின்று நடத்துவதும் அவர்கள் வேலை. தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டாக்கியதை அவர்கள் ஒன்றாகவே வைத்திருந்தார்கள்.

கத்தோலிக்கர் தியாக்கோனுக்கு இன்று சொல்வது திருத்தொண்டர். சைவ வாசகருக்கு இந்தச் சொல் நெஞ்சில் தட்டும். சுந்தரர் பாடியது திருத்தொண்டத்தொகை, பெரியபுராணத்தின் இன்னொரு பெயர் திருத்தொண்டர் புராணம். உழவாரப்படையோடு கோயில் முற்றத்தில் புல் செதுக்கிய அப்பர் அந்தத் தொண்டின் உருவம். கிறிஸ்தவர்களின் 1995 ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பிலும் மானிட மகன் 'தொண்டு ஏற்பதற்கு அல்ல, தொண்டு ஆற்றுவதற்கு' வந்ததாக மாற்கு 10:45 சொல்கிறது. தமிழில் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகப் பக்தியோடு வேலையைச் சேர்த்துச் சொன்ன சொல் இது. அதை எடுத்துக்கொண்டது கடன் என்று எனக்குத் தோன்றவில்லை, வீட்டுச் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்ததுதான். ஒரேயொரு சங்கடம், இந்தச் சொல்லும் வன்னியில் அலுவலகத்துக்குள் போய்விட்டது. தொண்டு நிறுவனம் என்றால் வாகனம், திட்டம், பதாகை. தொண்டர் ஆசிரியர் என்றால் நிரந்தர நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ஆசிரியர்.

சேவை பேருந்துக்கும் பொருந்துகிறது. திருப்பணி என்றால் ஊரில் முதலில் கோயில் கட்டட வேலைதான் நினைவுக்கு வரும். இரண்டையும் இங்கேயே விட்டுவிடலாம்.

என் தெரிவு பணிவிடை. பணிதல் என்றால் தாழ்தல், வணங்குதல். பணி என்றால் வேலை. "பணியுமாம் என்றும் பெருமை" என்று வள்ளுவர் சொல்லும் பணிவும், "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று அப்பர் சொல்லும் பணியும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. கிரேக்கச் சொல்லில் தாழ்மை வெளிப்படையாக இல்லை, அதை வேறு இடத்திலிருந்து சேர்த்து வாசிக்கவேண்டும். தமிழில் வேலையையும் தாழ்மையையும் பிரிக்கவே முடியாது. இன்னொன்றும் உண்டு. 1990 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் ஜோன் கொலின்ஸ், தியாக்கோனொஸ் வெறும் எடுபிடி அல்ல, ஒருவரால் பொறுப்புக் கொடுத்து அனுப்பப்பட்டவர் என்று பழைய கிரேக்க நூல்களிலிருந்து எடுத்துக்காட்டி வாதிட்டார். அந்தப் பொருளுக்கும் பணிவிடையில் இடம் இருக்கிறது. பணித்தல் என்றால் கட்டளையிடுதல். விடை என்றால் அனுமதி. விடைபெற்றுப் போகிறோம், விடை கொடுத்து அனுப்புகிறோம். அனுப்பப்பட்டவர் தாழ்ந்து செய்யும் வேலை என்று மூன்றும் ஒரு சொல்லுக்குள் அடங்குகின்றன.

பழைய மொழிபெயர்ப்பிலேயே இது இருக்கிறது. லூக்கா 22:27 இல், கடைசி இராப்போசனத்தின்போது யார் பெரியவன் என்று சீடர்கள் வாதாடுகையில், நான் உங்கள் நடுவில் 'பணிவிடைக்காரனைப்போல்' இருக்கிறேன் என்கிறார் இயேசு. கிரேக்கத்தில் அங்கேயும் தியாக்கோனொஸின் வினைவடிவம்தான். அதே இரவில் அவர் துவாயை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து சீடரின் கால்களைக் கழுவியதை யோவான் எழுதுகிறார். பெரிய வியாழனில் எங்கள் கோவில்களில் குருவானவர் பன்னிரண்டு பேரின் கால் கழுவுவது அதன் நினைவாகத்தான்.

இந்தச் சொல்லுக்கு வன்னியில் உரை எழுதியவர்கள் பலர், அவர்களில் இருவர் பெயரையாவது சொல்லாமல் போகமுடியாது. அருட்தந்தை நிக்கலஸ்பிள்ளை பாக்கியரஞ்சித், இயேசு சபை அகதிகள் பணியின் மன்னார் இணைப்பாளர். 2007 செப்டெம்பர் 26 இல் இடம்பெயர்ந்தவர்களுக்கான நிவாரணப் பொருட்களோடு போகும்போது வெள்ளாங்குளம் பகுதியில் கிளைமோர் தாக்குதலில் கொல்லப்பட்டார். விதவைகளின் அன்றாட விசாரணைக்காக எழுவரை நியமித்தார்களே, அவர் செய்துகொண்டிருந்தது அட்சரம் பிசகாமல் அந்த வேலை. கிளிநொச்சி உருத்திரபுரத்தின் பங்குத்தந்தை மரியாம்பிள்ளை சரத்ஜீவன், 2008 செப்டெம்பரில் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் வெளியேற்றப்பட்ட பிறகும் மக்களோடு நகர்ந்து நகர்ந்து முள்ளிவாய்க்கால்வரை போனார். 2009 மே 18 இல் மாரடைப்பால் இறந்தார்.

ஆக, எழுதும்போது நான் கைக்கொள்வது இது. திருச்சபையில் அருட்பொழிவு பெற்ற நிலையைச் சொல்ல, திருத்தொண்டர். செயலைச் சொல்ல, பணிவிடை. உணவும் நிவாரணமும் பங்கிடும் இடத்தில், துணிந்து பந்திவிசாரணை. ஊழியம் என்று ஏற்கெனவே பழகியவர்களை நான் திருத்தப் போவதில்லை, ஆனால் மருமகளின் வேலையையும் அதில் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பேன்.

பெபேயாள் என்ற ஆதிச் சபைப் பெண்ணைப் பற்றிய வசனம் ஒன்று பாக்கி இருக்கிறது. ரோமர் 16:1 இல் பவுல் அவளைத் தியாக்கோனொஸ் என்றே எழுதுகிறார், ஆண்களுக்கு எழுதிய அதே சொல், அதே வடிவம். பிலிப்பியரில் அந்தச் சொல் ஆண்களுக்கு வரும்போது பழைய மொழிபெயர்ப்பு 'உதவிக்காரர்' என்று ஒரு பொறுப்பின் பெயராக்கியது. அவளுக்கு வரும்போது 'சபைக்கு ஊழியக்காரி' என்றது. இரண்டு இடத்திலும் ஒரே சொல்லைப் போட்டு, இனிவரும் மொழிபெயர்ப்புகளிலாவது அவளையும் திருத்தொண்டர் என்றே அச்சிடவேண்டும்.