சஃபாரி, டிராஃபி: ஆப்பிரிக்க வேட்டைச் சொற்களுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

சஃபாரின்னா நம்ம ஆளுங்களுக்கு வண்டலூர்ல கம்பிவலை போட்ட வண்டில உக்காந்து சிங்கம் பாக்குறது, இல்லன்னா நாலு பாக்கெட் வச்ச சஃபாரி சூட்டு. ஆனா ஆப்பிரிக்கால வேட்டை நடத்துற கம்பெனிங்க 'பத்து நாள் எருமை சஃபாரி'ன்னு விளம்பரம் போட்டா அது பாக்குறதுக்கு இல்ல, சுடுறதுக்கு. இந்த ரெண்டு அர்த்தமும் ஒரே சொல்லுக்குள்ள எப்படி வந்துச்சுங்குறது தெரிஞ்சா தமிழ்ல எந்த இடத்துல என்ன எழுதணும்னு தெளிவா புரியும்.

சஃபாரி ஸ்வாஹிலி சொல். வெறும் 'பயணம்', அவ்ளோதான். வேட்டையும் இல்ல மிருகமும் இல்ல. இன்னிக்கும் கென்யா, தான்சானியால ஊருக்குக் கிளம்புறவங்கள 'சஃபாரி ஞ்ஜேமா'ன்னு சொல்லித்தான் அனுப்புவாங்க, நல்லபடியா போயிட்டு வாங்கன்னு அர்த்தம். ஸ்வாஹிலிக்கு இது அரபில இருந்து வந்துச்சு, அரபில சஃபர்னா பயணம். நம்ம தமிழ் முஸ்லிம்கள் வெளிநாட்டுப் பயணத்த சபர்னும், பொழைக்க வெளிநாடு போனவர சபராளின்னும் சொல்றாங்கல்ல, அதுவும் இதே வேர்தான், அதனால சஃபாரியோட ஒண்ணுவிட்ட தம்பி நம்ம தமிழ்லயே ரொம்ப நாளா இருக்கான். சஃபர்ங்குற இஸ்லாமிய மாசம் வேற, அரபில அதோட எழுத்தே வேற. சவாரியும் வேற, அது பாரசீகம்.

சரி வேட்டை எப்ப ஒட்டிக்கிச்சு? 19ம் நூற்றாண்டுல சான்சிபார் தீவுல இருந்து கிழக்கு ஆப்பிரிக்காவோட உள்நாட்டுக்குப் போன வணிகக் கூட்டம்தான் சஃபாரி, சுமைகூலிங்க தலைல சுமை தூக்கிட்டு வரிசையா நடப்பாங்க, தந்தத்துக்கும் போவாங்க அடிமை வியாபாரத்துக்கும் போவாங்க. பின்னாடி வெள்ளைக்காரங்க அதே மாதிரி சுமைகூலிகள வச்சிக்கிட்டு வேட்டைக்குப் போனாங்க, பேரும் அப்படியே கூட வந்துச்சு. 1909ல அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஸ்மித்சோனியன் மியூசியத்துக்காக மொம்பாசால போயி இறங்கினாரு, அவரும் மகன் கெர்மிட்டும் மட்டும் சுட்ட மிருகம் 512. உலகம் பூரா பத்திரிகைல வந்த அந்தப் பயணத்துக்கு அப்புறம் சஃபாரின்னாலே வேட்டைன்னு ஆயிடுச்சு. 1977ல கென்யா வேட்டைய தடை செஞ்சது, அங்க சஃபாரின்னா இப்ப கேமராதான். அதனால தமிழ்ல ஒரே சொல்ல எல்லாத்துக்கும் போட முடியாது, பாக்கப் போறதுக்கு 'கானுலா' நல்லா இருக்கு, சுடப் போறதுக்கு நேரா 'வேட்டைப் பயணம்'னு எழுதுங்க, மறைக்க வேண்டியது ஒண்ணும் இல்ல.

'பிக் கேம்'னு வரும்போது சிலர் பெரிய விளையாட்டுன்னு எழுதுறத பாக்குறேன், அது தப்பு. இங்க கேம்னா வேட்டையாடப்படுற விலங்கு, 'பெருவிலங்கு வேட்டை'ன்னா சரியா இருக்கும். 'பிக் ஃபைவ்'வும் பெரிய உருவத்த வச்சு வந்த பேரு இல்ல, அப்படின்னா நீர்யானையும் ஒட்டகச்சிவிங்கியும் அதுல வந்திருக்கணும். நடந்து போயி வேட்டையாடுறப்ப திருப்பித் தாக்குற ஆபத்து அதிகம் உள்ள அஞ்சு: சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், கேப் எருமை.

இப்ப டிராஃபி. அகராதியப் பாத்து 'கோப்பை வேட்டை'ன்னு எழுதினா படிக்கிறவங்களுக்கு கிரிக்கெட்டுதான் ஞாபகம் வரும். மூலச் சொல் கிரேக்கத்துல திரோபையோன், 'திரும்புதல்'ங்குற சொல்லுல இருந்து வந்தது, அதாவது எதிரி புறமுதுகு காட்டித் திரும்புன இடத்துல ஒரு மரத்தையோ கம்பத்தையோ நட்டு அதுல அவனோட தலைக்கவசம், கேடயம் எல்லாத்தையும் மாட்டி வைப்பாங்க, அதுக்குத்தான் அந்தப் பேரு. ஜெயிச்சவனுக்கு யாரோ குடுக்குற பரிசு இல்ல இது, தோத்தவன்கிட்ட இருந்து எடுத்தது. நம்ம பழம்பாட்டுல இதுக்கு ரொம்பக் கிட்ட வர்ற ஒண்ணு இருக்கு: இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரோட காவல்மரமான கடம்ப வெட்டி அதுல முரசு செஞ்சது. வேட்டைல டிராஃபிங்குறதும் இதே எண்ணத்துல வந்ததுதான், செத்த விலங்கோட தலை, கொம்பு, தோல், தந்தம்.

'வாகை வேட்டை'ன்னு எழுதலாமேன்னு ஒரு யோசனை வரும். எனக்கு அதுல சம்மதமே இல்ல, எருமை யாரோடயும் போருக்கு வரல. சின்னம்ங்குற சொல்ல வச்சு 'சின்ன வேட்டை'ன்னா சிறுசுன்னு அர்த்தம் மாறிடும். பொருளுக்கு 'வேட்டைச்சின்னம்', செயலுக்கு 'வேட்டைச்சின்னத்துக்காகக் கொல்றது', இதுதான் என் முடிவு, நீளமா இருந்தாலும் பரவால்ல, நடந்தது என்னன்னு சொல்லுது.

சட்டத்துலயும் இந்தச் சொல்லுக்கு எல்லை இருக்கு. அழியுற உயிரினங்களோட வியாபாரத்தக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தம் (1973ல கையெழுத்து, 1975ல அமல்) வேட்டைச்சின்னம்னா முழு விலங்கோ, பாத்தவுடனே எதுன்னு தெரியுற பகுதியோ, வேட்டைக்காரர் சட்டப்படி தானே வேட்டையாடி சொந்த உபயோகத்துக்கு தன் நாட்டுக்கு எடுத்துட்டுப் போறதா இருக்கணும்னு சொல்லுது. காசு குடுத்து கடைல வாங்குன கொம்பு இதுல வராது. சிறுத்தை, கட்டுப்பாடு ரொம்ப அதிகமா உள்ள முதல் பட்டியல்ல இருக்கு, அதுக்கு நாட்டுவாரியா வருஷ ஒதுக்கீடு உண்டு, தோல்ல பூட்டுற ஒரு டேக் போட்டு அதுல நாடு, வருஷம், ஒதுக்கீட்டுல எத்தனாவதுங்குற எண் எல்லாம் இருக்கணும், ஒரு ஆளு வருஷத்துக்கு ரெண்டுக்கு மேல கொண்டுபோக முடியாது. கறுப்புக் காண்டாமிருகத்துக்கு 2004ல பாங்காக்ல நடந்த சைட்டிஸ் கூட்டத்துல நமீபியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் வருஷம் தலா அஞ்சு குடுத்தாங்க. நமீபியாவோட அப்படி ஒரு அனுமதிதான் 2014ல டல்லாஸ்ல 3,50,000 டாலருக்கு ஏலம் போச்சு, இனப்பெருக்கம் முடிஞ்ச, இளம் ஆணுங்கள அண்ட விடாத கிழட்டு ஆணத்தான் சுட விடுறோம்னு அந்த நாடு சொல்லுச்சு. சிங்கத்துக்கு தான்சானியால ஆறு வயசாவது ஆகியிருக்கணும், அத எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா குட்டில இளஞ்சிவப்பா இருக்குற மூக்கு வயசாக வயசாக கறுத்துட்டே வரும், அது எவ்ளோ கறுத்திருக்குன்னு பாக்குறாங்க. இளம் தகப்பன் செத்தா அந்த இடத்துக்கு வர்ற புது ஆண் குட்டிங்களக் கொன்னுடும், ஒரு குண்டோட முடியுற விஷயம் இல்ல அது, அதுக்குத்தான் இந்த விதி.

அனுமதி வாங்கின வேட்டையையும் கள்ளவேட்டையையும் தமிழ்ல போட்டுக் குழப்பவே கூடாது. 2015ல ஜிம்பாப்வேல ஹ்வாங்கே பூங்கா சிங்கம் செசில் செத்தப்ப உலகமே கொதிச்சுது, ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சிக்காரங்க காலர் மாட்டின சிங்கம் அது. ஆனா அத வேட்டையாடின அமெரிக்கரோட பேப்பர் எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லி ஜிம்பாப்வே அரசு அவர் மேல வழக்குப் போடல. எனக்கு அந்தக் கொலைல துளியும் உடன்பாடு இல்ல, ஆனா அத கள்ளவேட்டைன்னு எழுதினா உண்மையான கேள்வி காணாம போயிடும், சட்டமே இத விட்டிருக்கேங்குறதுதான கேள்வி. அதே மாதிரி நமீபியால 1996 சட்டத்துக்கு அப்புறம் ஊர் மக்களே நடத்துற காப்புநிலங்களுக்கு வேட்டைக் காசு நேரா போகுது, அவங்க தரப்பையும் எழுதணும். போட்ஸ்வானா வேட்டைய 2014ல நிறுத்தி 2019ல திரும்பத் திறந்துச்சு.

'புரொஃபஷனல் ஹண்டர்'னா காசு கட்டி சுட வர்றவர் இல்ல, அவரக் கூட்டிட்டுப் போற லைசென்ஸ் உள்ள ஆளு, 'தொழில்முறை வேட்டைக்காரர்'னு எழுதினா ஆளே மாறிப்போயிடும். வேட்டை வழிகாட்டின்னு எழுதுங்க.

கடைசியா நம்ம ஊரு சட்டம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துலயும் டிராஃபிங்குற சொல் வருது, ஆனா அங்க வேட்டையாடியிருக்கணும்னே இல்ல, எந்த வழில கெடாம பாதுகாத்து வச்ச உடலோ பகுதியோ எதுவா இருந்தாலும் சேரும், பாடம் செஞ்ச தலை, கம்பளம் ஆக்கின தோல், மான் கொம்பு எல்லாமே. அதனால அந்தச் சட்டத்த மொழிபெயர்க்கிறப்ப வேட்டைச்சின்னம்னு போட்டா பொருந்தாது, 'பாதுகாத்து வைத்த விலங்கு உடற்பகுதி'ன்னு விரிச்சு எழுதுறதுதான் சரி.